கடித்தலும் காத்தலும்: காவல் நாய்ப் பயிற்சியின் வரலாறு

வெம்பிளி மைதானத்தில் பெரிய உதைபந்தாட்டப் போட்டிகள் நடைபெறும் நாள்களில், அயலிலுள்ள கிங்ஸ்பரியிலிருந்து அவ்வழியே செல்லும் எம்மவர்கள் பொலிஸ் நாய்களைக் கண்டிருப்பர். பிள்ளைகள் அவற்றைத் தடவிப் பார்க்க விரும்புவர். பெற்றோரோ பிள்ளைகளின் கையைப் பற்றிக்கொண்டு விலகி நடப்பர். தாயகத்தில் சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்தவர்களுக்குச் சீருடையும் நாயும் சேர்ந்து வரும் காட்சி இனிய நினைவைத் தருவதன்று. மறுபுறம், கடை நடத்தும் நம்மவருள் சிலர் களவுக்கு அஞ்சி, நன்றாகக் கடிக்கக்கூடிய நாயொன்று கிடைக்குமா என விசாரிப்பதும் உண்டு. இந்த இரு சாராருக்கும் காவல் நாய்ப் பயிற்சியின் வரலாறு பயன்தரும்.

காவல் நாய் தமிழருக்குப் புதியதன்று. ஆநிரை கவர்தலும் மீட்டலும் பண்டைத் தமிழரின் போர்முறையில் இடம்பெற்றிருந்தன. அச்சண்டைகளில் மாண்ட வீரர்க்குக் கல் நட்டு வழிபட்டனர். தமிழகத்தின் திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள எடுத்தனூரில் அத்தகைய நடுகல் ஒன்று உண்டு. அது முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்க முற்பட்டு உயிர்நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் உருவமும், அருகே அவனது நாயின் உருவமும் அக்கல்லிற் செதுக்கப்பட்டுள்ளன. நாயின் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது எனக் கல்வெட்டுக் கூறுகின்றது. கடித்த செய்தியோடு அக்கல்வெட்டு நின்றுவிடவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். காத்து நின்றமையையும் சேர்த்தே பொறித்து வைத்தனர் நம் முன்னோர்.

ஏறத்தாழ 1,300 ஆண்டுகளின் பின்னர், இதே பண்பை முறையான பயிற்சியாக வகுக்க ஐரோப்பா முற்பட்டது. 1899இல் பெல்ஜியத்தின் கென்ற் நகரப் பொலிஸார் இரவு ரோந்துக்கு நாய்களைப் பயன்படுத்தத் தொடங்கினர். அதே ஆண்டில் ஜேர்மனியில், குதிரைப்படைக் கப்டனாயிருந்த மக்ஸ் ஃபொன் ஸ்ரெபானிற்ஸ் என்பவர் ஜேர்மன் மேய்ப்பு நாய்களுக்கான சங்கத்தை நிறுவினார். எமது ஊரில் நாம் ‘அல்சேஷன்’ என அழைத்த இனம் இதுவே. முதலாம் உலகப் போர்க்காலத்தில் ‘ஜேர்மன்’ என்ற சொல்லே பிரித்தானியருக்குக் கசந்தமையால் அப்பெயர் இங்கே வழக்குக்கு வந்தது.

தொழிற்சாலைகள் பெருகி ஆட்டு மந்தைகள் குறைந்துவந்த காலம் அது. மேய்ப்பு நாயின் அறிவும் உறுதியும் அழிந்துவிடாதிருக்க வேண்டுமாயின் அதற்கு வேறு தொழில் வேண்டும் என ஸ்ரெபானிற்ஸ் கருதினார். 1901இல் ‘ஷுற்ஸ்ஹுண்ட்’ எனப்படும் காவல் நாய்த் தேர்வின் முதற் போட்டி நடைபெற்றது. இன்றும் பல நாடுகளில் விளையாட்டாக நடைபெறும் இத்தேர்வு 2019 முதல் ‘ஐ.ஜி.பி.’ என்னும் பெயரைப் பெற்றுள்ளது. மோப்பம் பிடித்தல், கீழ்ப்படிதல், காத்தல் என அதற்கு மூன்று பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளிகள்.

மூன்றாம் பகுதியே பார்ப்பவரை அச்சுறுத்துவது. கள்வனாக நடிப்பவர் சணலாலான தடித்த கைக்காப்பை அணிந்து, மைதானத்திலுள்ள ஆறு மறைப்புகளுள் ஒன்றில் ஒளிந்திருப்பார். நாய் அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் அசையாது நின்றால் எதிரே நின்று குரைக்கலாமேயன்றிக் கடிக்கலாகாது. அவர் ஓடினாலோ தாக்க வந்தாலோ கைக்காப்பை உறுதியாகக் கவ்வ வேண்டும். எதிர்ப்பு ஓய்ந்து, ‘விடு’ என்னும் கட்டளை பிறந்ததும் வாயை விட்டு, அவரை நோக்கியபடி காத்து நிற்க வேண்டும். மீண்டும் மீண்டும் ஏவியும் விடாத நாய், எவ்வளவு வலிமையாகக் கவ்வியிருந்தாலும், தேர்விலிருந்து நீக்கப்படும்.

கவ்வும் இயல்பு நாயின் பிறப்பிலேயே உள்ளது. குட்டியின் முன்னே துணியொன்றை ஆட்டினால் அது தானாகவே பாய்ந்து பற்றும். பயிற்சியாளர் ஆண்டுக்கணக்கிற் பாடுபடுவது, பற்றியதை விடக் கற்பிப்பதற்கே. அச்சத்தினாற் கடிக்கும் நாயை நல்ல பயிற்சியாளர் ஏற்பதில்லை. அது யாரைக் கடிக்கும், எப்போது விடும் என எவராலும் கூற முடியாது.

பிரித்தானியாவில் 1908இல் வடகிழக்குப் புகையிரதக் கம்பனியின் பொலிஸார் ஹல் துறைமுகத்தில் ஏர்டேல் இன நாய்களைக் காவலுக்கு நிறுத்தினர். கென்ற் நகரின் முன்மாதிரியே இதற்குத் தூண்டுகோல். சீருடை அணிந்தவரைக் காக்கவும் அணியாதவரைத் துரத்தவும் அந்நாய்கள் பழக்கப்பட்டன. இலண்டன் மாநகரப் பொலிஸின் நாய்ப் பயிற்சி நிலையம் கெஸ்ரன் என்னுமிடத்தில் 1954இல் அமைந்தது. காலப்போக்கில் உடையைப் பார்த்துக் கடிக்கும் முறை கைவிடப்பட்டு, எதிரிலுள்ளவரின் செயலுக்கும் பயிற்றுநரின் கட்டளைக்கும் ஏற்ப நடக்கும் முறை வேரூன்றியது.

எனினும் கட்டளையிடுபவர் தவறினால் பயிற்சி என்ன செய்யும்? 1963 மே மாதம் அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரில், சம உரிமை கேட்டு ஊர்வலம் சென்ற கறுப்பின மக்கள் மீது பொலிஸ் நாய்கள் ஏவப்பட்டன. இளைஞர்களும் பள்ளிச் சிறாரும் திரண்ட ஊர்வலங்கள் அவை. அப்படங்கள் உலகின் மனச்சாட்சியை உலுக்கின. அந்நாய்கள் ஏவியதைச் செய்தன. பழி ஏவிய கையினது. ஒடுக்குமுறையை அறிந்த எமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அதே பொறுப்பு எமது கையில் நாய் இருக்கும்போது எம்மையே சாரும். கடை, களஞ்சியம் முதலிய இடங்களில் காவல் நாயை வைப்போர், அதனை அடக்கவல்ல ஒருவரின் கட்டுப்பாட்டிலேனும், எங்கும் திரியாதவாறு கட்டியேனும் வைத்திருக்க வேண்டும் என 1975ஆம் ஆண்டின் காவல் நாய்கள் சட்டம் விதிக்கின்றது. ஒவ்வொரு வாயிலிலும் எச்சரிக்கைப் பலகை இருத்தல் வேண்டும். நாய் அபாயகரமான முறையிற் கட்டுமீறுவதை 1991ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. 2014இல் அது தனியார் இடங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. வீட்டினுள் அத்துமீறி நுழைபவர் விடயத்தில் விதிவிலக்கு உண்டு. நாயினால் ஒருவர் காயமுற்றால் ஐந்து ஆண்டுகள் வரையும், இறந்தால் 14 ஆண்டுகள் வரையும் உரிமையாளர் சிறை செல்ல நேரலாம். தஞ்சமோ குடியுரிமையோ கோரி நிற்கும் குடும்பத்துக்குக் குற்றத் தீர்ப்பொன்று எத்தகைய இடர் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆகவே கடைக்கு நாய் தேடும் அன்பர்கள், “எப்படிக் கடிக்கும்?” எனக் கேட்பதற்கு முன், “சொன்னால் விடுமா?” எனக் கேட்பார்களாக. விற்பவர் அதனை நேரிற் செய்துகாட்ட இயலாவிடின், வலிய பூட்டொன்றும் நல்ல விளக்கொன்றும் வாங்குவதே மேல். எடுத்தனூர்க் கல்லில் ஒரு நாயின் பெயர் இன்றளவும் நிலைத்திருப்பது, அது கடித்தபின் காத்தும் நின்றமையினாலன்றோ?