உப்பைத் தின்ற எலிகள்

உப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றும் என்ற கருத்தைப் பாரிஸ் மருத்துவர்கள் அம்பார், போஜார் இருவரும் 1904-இல் நோயாளிகளைக் கவனித்து முன்வைத்தனர். விலங்குகளிடம் அதை விரிவாகச் சோதிக்கும் வேலை 1950-களில்தான் சூடுபிடித்தது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஜார்ஜ் மெனீலி எலிகளுக்குப் பல அளவுகளில் உப்புக் கலந்த தீனி கொடுத்தார். உப்பு கூடக்கூட எலிகளின் சராசரி அழுத்தமும் கூடியது. கூடவே பொட்டாசியமும் பெற்ற எலிகள் அதிக நாள் வாழ்ந்தன.

எலியின் அழுத்தத்தை வாலில் அளப்பது வழக்கம். எலியை இதமாகச் சூடுபடுத்தினால் வாலின் தமனி விரியும். வாலின் அடியில் சிறு பட்டையைச் சுற்றிக் காற்றடைத்தால் நாடி நின்றுவிடும். காற்றை மெல்ல இறக்கும்போது நாடி திரும்பும் அளவே அழுத்தம்.

நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் லூயிஸ் டால் ஒரு வேறுபாட்டைக் கண்டார். 8 சதவீத உப்புள்ள ஒரே தீனியைத் தின்றும் சில எலிகளுக்கு அழுத்தம் எகிறியது. சிலவற்றுக்கு அசையவே இல்லை. எகிறியவற்றைத் தமக்குள்ளும், அசையாதவற்றைத் தமக்குள்ளும் இணைசேர்த்தார். சில தலைமுறைகளிலேயே உப்பைத் தாங்காத வம்சமும் தாங்கும் வம்சமும் பிரிந்தன. 1962-இல் வெளியான இம்முடிவு, உப்பின் விளைவில் பரம்பரைக்கும் பங்குண்டு என்று காட்டியது. தாங்கும் எலியின் சிறுநீரகத்தைத் தாங்காத எலிக்குப் பொருத்தியபோது அழுத்தம் தணிந்தது. உப்பை வெளியேற்றும் சிறுநீரகமே இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது என்பதற்கு இது வலுவான சான்று.

1972-இல் டால் குழுவினர், உப்பின் அளவை மாற்றாமல் பொட்டாசியத்தைக் கூட்டினாலே தாங்காத எலிகளின் அழுத்தம் அவ்வளவாக ஏறுவதில்லை என்று காட்டினர். ஜப்பானின் கியோட்டோவில் ஒகமோட்டோவும் அவோக்கியும் 1963-இல் அறிவித்த, இயல்பிலேயே உயர் அழுத்தம் கொண்ட எலி வம்சத்தில் கால்சியமும் அழுத்தத்தைக் குறைப்பதைப் பிற்கால ஆய்வுகள் கண்டன.

கடையில் விற்ற குழந்தை உணவைத் தின்ற எலிகளுக்கும் அழுத்தம் ஏறியதை டால் 1970-இல் வெளியிட்டார். அந்தப் பத்தாண்டிலேயே அமெரிக்க நிறுவனங்கள் குழந்தை உணவில் உப்புச் சேர்ப்பதைக் குறைத்து, பின்னர் கைவிட்டன.

எலிக்குக் கொடுத்த உப்பு மிக அதிகம் என்ற ஆட்சேபம் நீடித்தது. காபோன் நாட்டுச் சிம்பன்சிகளிடம் டெரெக் டென்டன் குழு நடத்திய ஆய்வு 1995-இல் அதற்கு விடை தந்தது. மனிதர் உண்ணும் அளவை ஒத்து, நாளுக்கு 15 கிராம் வரை படிப்படியாக உப்புச் சேர்த்ததில், 20 மாதங்களில் மேல் அழுத்தம் சராசரியாக 33 அலகு உயர்ந்தது. உப்பை நிறுத்திய ஆறு மாதத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனாலும் எல்லாச் சிம்பன்சிகளுக்கும் அழுத்தம் ஏறவில்லை. உப்பின் அளவோடு பரம்பரையும், உடன் உண்ணும் பொட்டாசியமும் சேர்ந்தே அழுத்தத்தை நிர்ணயிக்கின்றன என்பதே இந்த ஆய்வுகளின் முடிவு.