தாய்மொழி என்ற ஒரு கட்டம்

முலுண்டில் நண்பர்கள் சிலர் சேர்ந்து, குழந்தைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடத்த இடம் கேட்டு மனு ஒன்று தயார் செய்தோம். "நம்ம ஆளுங்க இங்கே எத்தனை பேர்னு ஒரு நம்பர் போடணும். சார் பேங்க்காரர், அவர் பார்த்துக்குவார்" என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். அப்படித்தான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வலைத்தளத்துக்குள் போய் விழுந்தேன். எழுந்து வர நாலு ராத்திரி ஆனது!

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் இந்த எண்களைப் பார்க்க நூலகத்தில் தடித்த தொகுதிகளைப் புரட்ட வேண்டும். 2001 கணக்கெடுப்பு வந்தபோது அட்டவணைகள் சிடியில் விலைக்குக் கிடைத்தன. 2011 அட்டவணைகளை எக்செல் கோப்பாக இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். இப்போது அந்தத் தளத்தில் 'நாடா' என்ற மென்பொருளில் ஒரு பட்டியல் இயங்குகிறது. பல நாடுகளின் புள்ளியியல் துறைகள் பயன்படுத்துவது அது. பழைய வெள்ளைக்காரன் காலத்துத் தொகுதிகளும் அதில் ஏறியிருக்கின்றன. ஊர், வருடம், அட்டவணை எண் என்று தேடலாம். மொழிக்கான அட்டவணையின் பெயர் சி-16. இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மகாராஷ்டிராவில் தமிழ் என்று தேடினேன். 2011இல் 5 லட்சத்தைச் சற்றே தாண்டுகிறது. சந்தோஷமாக எழுதி வைத்துக்கொண்டு, கொஞ்சம் உள்ளே போனேன். 'தமிழ்' என்ற தலைப்பின் கீழே கைக்காடி, கொரவா, எருகலா என்று தனித்தனி வரிகள்! கைக்காடி மகாராஷ்டிராவில் கூடை முடையும் சமூகத்தின் மொழி. மேலே தெரியும் தொகையில் அவர்களும் அடக்கம்.

இது எப்படி என்று பார்த்தால், 2011இல் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் மொத்தம் 19,569. எழுத்துப் பிழை, ஊர்ப் பெயர், சாதிப் பெயர் எல்லாவற்றையும் சலித்து எடுத்ததில் 1,369 தேறின. அவற்றிலும் பத்தாயிரம் பேருக்கு மேல் பேசுவதை மட்டும் தனியாகக் காட்டி, தொகுத்து, கடைசியில் 121 மொழிகள் என்று வெளியிட்டார்கள். கணக்கெடுத்தது 2011 பிப்ரவரியில். மொழி அட்டவணை வெளிவந்தது 2018 ஜூனில்.

சரி, பழைய வருடங்களோடு ஒப்பிடலாமே என்று பின்னால் போனேன். அங்கேதான் பெரிய பாடம். 1872இல் நடந்தது நாடு முழுக்க ஒரே சமயத்தில் எடுத்த கணக்கு அல்ல. 1881தான் ஒரே சமயத்தில் எடுத்த முதல் கணக்கு. அப்போது கேட்டது தாய்மொழி. 1891இல் 'பெற்றோர் மொழி' என்று கேட்டார்கள். 1901இல் அது 'வழக்கமாகப் பேசும் மொழி' ஆனது. 1931இல் மறுபடியும் தாய்மொழி. தேடல் பெட்டியில் 'தமிழ்' என்று போட்டால் எல்லா வருடமும் வரிசையாக வந்து நிற்கும். ஆனால் ஒவ்வொரு வருடமும் கேட்ட கேள்வி வேறு என்பதைத் தொகுதிக்குள் போய்ப் படித்தால்தான் தெரியும்.

இன்றைய விளக்கம் என்ன தெரியுமா? குழந்தைப் பருவத்தில் அந்த நபரிடம் அவருடைய தாய் பேசிய மொழிதான் தாய்மொழி. நாம் இப்போது என்ன பேசுகிறோம், பள்ளியில் என்ன படிக்கிறோம் என்பது இந்தக் கேள்விக்குச் சம்பந்தமே இல்லை. தெரிந்த மற்ற மொழிகளுக்குத் தனிக் கட்டம் இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. 2011இல் கணக்கெடுக்க வந்த அம்மணி, என் மகளின் தாய்மொழி என்ன என்று கேட்டார். அவளுக்கு அப்போது மூன்று வயது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஹிந்தியில் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். நான் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில், "இவளா? பக்கா ஹிந்திக்காரி!" என்று சிரித்தேன். அவர் எழுதிக்கொண்டார். உள்ளே அவள் அம்மா "சாப்பிட வாடி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், தமிழில்! தப்பு முழுக்க என் மேல்.

பி.காம். படித்தவர்களுக்கு இது புரியும். ஒரு பற்றைத் தவறான கணக்கில் எழுதினாலும் ட்ரயல் பேலன்ஸ் டாலி ஆகிவிடும். மொத்தத்தைப் பார்க்கிறவனுக்குப் பிழையே தெரியாது. நாட்டின் 121 கோடியில் ஒரு ஆள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தமிழில் ஒன்று போய் ஹிந்தியில் ஒன்று ஏறியது, அவ்வளவுதான். எத்தனை வீட்டில் எத்தனை அப்பாக்கள் இப்படிச் சிரித்தார்களோ! எவ்வளவு நல்ல தேடல் வசதி வந்தாலும், நாம் கொடுக்காத எண்ணை அது எங்கிருந்து எடுத்துத் தரும்?

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. 2027 மார்ச் 1ஐ அடிப்படைத் தேதியாக வைத்து அடுத்தது நடக்கும் என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள். இந்த முறை கைபேசிச் செயலி வழியாகத்தான் பதிவு, நாமே நம் விவரத்தை நிரப்பும் வசதியும் உண்டு. எழுதியதை யாரோ படித்துத் தட்டச்சு செய்கிற வேலை இல்லை. அதனால் நாம் சொல்வது அப்படியே கட்டத்தில் போய் உட்காரும், சரியாக இருந்தாலும் தப்பாக இருந்தாலும்.

மனுவில் கடைசியில் மாநில எண்ணை மட்டும் போட்டு, அதில் யார் யார் அடக்கம் என்றும் ஒரு வரி சேர்த்தேன். "இவ்வளவு விளக்கம் எதுக்கு சார்?" என்றார் ஒரு நண்பர். கேட்கிறவர் ஒருநாள் அட்டவணையைத் திறந்து பார்த்தால் நம் முகத்தில் கரி பூசக்கூடாதே!

மகளிடம் பழைய கதையைச் சொன்னேன். "அடுத்த தடவை ஃபார்மை நானே நிரப்பிக்கறேன்பா, நீ ஆபீஸ் போ" என்றாள். தமிழில்தான் சொன்னாள்.