பீடிக்கட்டின் மேல் வந்த எச்சரிக்கை

சிற்றாறு வந்து தாமிரபரணியில் கலக்கும் சீவலப்பேரியைத் தமிழ் கற்றோர் முக்கூடற்பள்ளு பாடிய நாடாகவும், பக்தியுடையோர் துர்க்கையம்மன் ஸ்தலமாகவும் அறிவர். காரும் பிசானமுமாக இருபோகம் நெல் விளையும் இந்த வளநாட்டில், நடவும் களையெடுப்பும் அறுவடையும் ஓய்ந்த நாட்களிலே பெண்களின் கைகளுக்கு வந்து சேர்ந்த தொழில் ஒன்று உண்டு. திருநெல்வேலிச் சீமையின் சென்ற நூற்றாண்டுச் சரித்திரத்தை எழுதப் புகுவோர் அந்தப் பீடித் தொழிலை ஒதுக்கிவிட்டு எழுதமுடியாது.

போர்ச்சுக்கீசியரோடு நம் தேசத்துக்கு வந்த புகையிலை எத்தனை விரைவில் நம்மவர் வாழ்விலே வேரூன்றியது என்பதற்கு, சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலையையே தூதாக விடுத்துப் பிரபந்தம் இயற்றியதே சாட்சியாகும். பீடியோ பிற்காலத்தது. மத்திய இந்தியக் காடுகளில் பறிக்கப்படும் இலையிலே புகையிலைத் தூளை வைத்துச் சுருட்டும் இத்தொழில், சுதேசி இயக்கம் அந்நிய சிகரெட்டை வெறுக்கச் செய்த காலத்தில் பெருகி, தெற்கே வந்து, மேலப்பாளையத்தில் நலிந்துகொண்டிருந்த கைத்தறிக்கு ஈடாக நெசவாளர் குடும்பங்களைப் பற்றிக்கொண்டது. ஆற்றின் மேற்கே முக்கூடல் என்னும் வேறோர் ஊரில் பெரிய நிறுவனங்களாக வளர்ந்து, சுற்றுவட்டாரத் திண்ணைகளையெல்லாம் தன் பட்டறையாக ஆக்கிக்கொண்டது.

அந்தத் திண்ணையில் நடப்பதைச் சற்று அருகிலிருந்து காண்போம். முதல்நாளே நீரில் நனைத்து ஈரச்சாக்கில் சுற்றிவைத்த இலையைத் தகட்டளவு வைத்துக் கத்தரியால் வெட்டி, சுளகை மடியிலே தாங்கி, தூளை இலையின் நடுவே பரப்பி, விரல் நுனிகளால் உருட்டி, வாயை நகத்தால் மடித்து, நூலால் முடிந்து, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில் கூலி பெறுகிறாள் பீடி சுற்றும் பெண். கொடுத்த இலை போதாவிட்டால் தன் காசில் வாங்கி ஈடுசெய்ய வேண்டும்; பழுதென்று கழிக்கப்பட்ட பீடிக்குக் கூலி கிடையாது. புகைக்காத அவளுடைய மூச்சிலும் அந்தத் தூள் நாள்தோறும் புகுகிறது.

இத்தொழிலாளருக்காக 1966-ஆம் ஆண்டில் பீடி சுருட்டுத் தொழிலாளர் சட்டமும், 1976-இல் க்ஷேமநிதிச் சட்டமும் இயற்றப்பட்டன. ஆனால் இவ்விரண்டுக்கும் இடையே, 1975-இல், புகைப்பதன் தீங்கை ஜனங்களுக்கு அறிவிக்கும் பொருட்டு நம் பாராளுமன்றம் செய்த சட்டம் சிகரெட்டை மட்டுமே கட்டுப்படுத்தியது. நகரத்துப் படித்தவன் வாங்கும் பெட்டியின் மீது அபாய அறிவிப்பு ஏறியது. வண்டிக்காரனும் கூலியாளும் வாங்கும் பீடிக்கட்டின் மீது ஒரு சொல்லும் ஏறவில்லை. எவனுக்கு அறிவிப்பு மிகவும் அவசியமோ அவனையே சட்டம் கால் நூற்றாண்டுக்கு மேல் மறந்திருந்தது.

அந்த மறதியின் விலை என்ன என்பதைத் தமிழ்நாட்டு ஆராய்ச்சியே உலகுக்குக் காட்டியது. சென்னை வேந்தன் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டு ரிச்சர்ட் பீட்டோவும் அவர்களுடைய சகாக்களும், சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் இறந்த 43,000 ஆண்களைப் பற்றியும் உயிரோடிருந்த 35,000 ஆண்களைப் பற்றியும் விசாரித்து, 2003-இல் லான்செட் பத்திரிகையில் வெளியிட்ட முடிவின்படி, க்ஷயரோகத்தால் இறக்கும் அபாயம் புகைக்காதவர்களைக் காட்டிலும் புகைப்பவர்களுக்கு நான்கு மடங்குக்கும் மேலாக இருந்தது. கிராமங்களில் புகைக்கப்பட்டது பெரும்பாலும் பீடியே.

அதே 2003 மே மாதத்தில்தான், உலக சுகாதார ஸ்தாபனத்தின் தலைவியாக இருந்த குரோ ஹார்லெம் புருண்ட்லாந்து அம்மையாரின் விடாமுயற்சியால், புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான சர்வதேச உடன்படிக்கை ஜெனீவாவில் நிறைவேறியது. அதற்கு முன் நடந்த பேச்சுவார்த்தைகளின்போது, பல தேசங்களின் தன்னார்வ சங்கங்கள் ஒரே கூட்டணியாகத் திரண்டு, நாள்தோறும் செய்தித்தாள் வெளியிட்டு, உறுதியாகப் பேசிய தேசத்துக்கு ஆர்க்கிட் மலரும் கம்பெனிகளுக்கு இசைந்து பேசிய தேசத்துக்கு அழுக்குச் சாம்பல்கிண்ணமும் விருதாக அறிவித்து, பிரதிநிதிகளின் மனச்சாட்சியை உறங்கவிடாமல் காத்தன. இந்தியா 2004 பிப்ரவரியில் உடன்படிக்கையை உறுதிசெய்தது; 2003-இல் நம் பாராளுமன்றம் இயற்றிய புதிய சட்டத்தில் பீடியும் அடங்கியது; 2009 மே 31 முதல் எழுத்தறியாதவனும் அறிந்துகொள்ளும்படி படத்தோடு கூடிய எச்சரிக்கை பீடிக்கட்டின் மீதும் வந்தது.

சட்டம் செய்வது ஒன்று, அதைக் காப்பது வேறொன்று. சிறிய தேசமாகிய உருகுவே, சிகரெட் பெட்டியின் 80 சதவீதப் பரப்பை எச்சரிக்கைக்கு ஒதுக்கியதற்காக பிலிப் மோரிஸ் கம்பெனி அதன்மீது சர்வதேச மத்தியஸ்த மன்றத்தில் வழக்குத் தொடுத்தபோது, 2010 நவம்பரில் உடன்படிக்கை நாடுகள் அந்தத் தேசத்திலேயே கூடி, தம் ஜனங்களின் ஆரோக்கியத்தைக் காக்கச் சட்டம் செய்யும் உரிமை ஒவ்வொரு தேசத்துக்கும் உண்டென்று பிரகடனம் செய்தன. அமெரிக்கச் செல்வர் மைக்கேல் புளூம்பெர்க்கின் அறக்கட்டளை வழக்குச் செலவுக்கு உதவியது. 2016 ஜூலையில் உருகுவே வென்றது. அதே ஆண்டு ஏப்ரலில் இந்தியா எச்சரிக்கையின் அளவை 85 சதவீதமாக உயர்த்தியது. 2017 டிசம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்துசெய்ய, அடுத்த மாதமே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்புக்குத் தடை விதித்து எச்சரிக்கையை நிலைபெறச் செய்தது. உலகத்தின் குரல் ஒரு தேசத்தின் சட்டத்துக்கு எவ்வளவு பலமாகும் என்பதை இந்தச் சரித்திரம் ஐயமறக் காட்டுகிறது.

எனினும் அந்த உடன்படிக்கையில் பதினேழாம் விதி என்று ஒன்று இருக்கிறது. புகையிலை பயிரிடுவோருக்கும், அத்தொழிலில் உழைப்போருக்கும், சில்லறையாக விற்போருக்கும் வேறு ஜீவனோபாயம் காட்டத் தேசங்கள் ஒன்றுக்கொன்று துணைநிற்க வேண்டும் என்பது அதன் சாரம். பெட்டியின் மீதுள்ள படத்துக்காக எழுந்த சர்வதேசப் பிரசாரத்தில் பாதியளவுகூட இந்த விதிக்காக எழவில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். ஆகவேதான் ஒவ்வொரு சட்டத்தையும் எதிர்க்க விரும்பும் முதலாளிகள், அந்தத் திண்ணைப் பெண்ணின் பசியையே கேடயமாக முன்நிறுத்த முடிகிறது.

அது தீர்க்கமுடியாத பிரச்னையும் அன்று. 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமைகளைத் தர மனமின்றி மங்களூர்ப் பீடி முதலாளி கண்ணூரில் கதவடைத்தபோது, அங்கிருந்த தொழிலாளர்கள் 1969-இல் தினேஷ் பீடி என்ற கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பீடியின் காலம் தேயத் தொடங்கியதும் அதே சங்கம் உணவுப் பண்டங்களும் குடைகளும் ஆடைகளும் செய்து தன் அங்கத்தினரைக் காத்தது. மலைக்கு அப்பால் சாத்தியமானது தாமிரபரணிக் கரையில் ஏன் சாத்தியமாகாது? புகைப்பவனைக் காக்கும் சட்டமும் சுற்றுபவளைக் காக்கும் ஏற்பாடும் ஒரே தர்மத்தின் இரு பகுதிகள். முதற்பகுதிக்காக ஜெனீவா வரையில் ஒலித்த குரல்கள் இரண்டாம் பகுதிக்காகவும் ஒலிக்க வேண்டும். அக்குரலை முதலில் எழுப்பவேண்டிய கடமை திருநெல்வேலிச் சீமையினராகிய நம்முடையது.