கைத்தொழிலும் கண்காட்சியும்: வீட்டிலிருந்து தொழில் தொடங்கும் சகோதரிகளுக்கு

திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவிக்கு அருகில் உள்ள பத்தமடையின் பெயரைப் பாயோடு சேர்த்தே நாடு அறியும். தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையை வெட்டி, ஊறவைத்து, இழை இழையாகக் கிழித்து, சாயமேற்றி நெய்கிறார்கள். நெய்பவர்களில் பெரும்பாலோர் நம் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். பாவு நூல் நூறு, நூற்று நாற்பது என்று நெருங்க நெருங்கப் பாய் பட்டுத் துணிபோல் மடியும். மணமக்களின் பெயரும் திருமணத் தேதியும் நெய்த கல்யாணப் பாய் அங்கே தனிச் சிறப்பு. புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் நெய்த கைக்குக் கிடைக்கும் கூலி அந்தப் புகழுக்கு ஏற்றதாக இல்லை என்பது அந்த ஊரை அறிந்தவர்களுக்குத் தெரியும். பாவு எண்ணிக்கையின் வேறுபாடு வாங்குபவருக்குத் தெரியாது. தெரிந்த இடைத்தரகர் அதை நெய்தவரிடம் சொல்லமாட்டார்.

இன்று நம் சமுதாயத்தில் வீட்டிலிருந்தபடி கைவேலை செய்யும் சகோதரிகளிடமும் இதே குறையைப் பார்க்கிறோம். அரபு எழுத்தணி, ரெசின், குரோஷா, எம்பிராய்டரி, பனை ஓலைப் பெட்டி, மணிவேலை என்று கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. விலை வைக்கத் தெரியவில்லை, சந்தைக்குப் போகத் தயக்கம், முதலுக்கு வாரவட்டிக் குழுக்கடன். இந்த மூன்றும்தான் திறமையுள்ள பலரை ஒரே ஆண்டில் தொழிலை விட்டுப் போக வைக்கின்றன.

உழைத்து உண்பது நமக்குப் புதிய பாடம் அல்ல. தன் கைகளால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவு இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லி, தாவூத் (அலை) அவர்களை அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறியது புகாரியில் பதிவாகியிருக்கிறது. நம் அன்னையர்களில் ஒருவரான ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் கைத்தொழில் செய்து, அந்த வருமானத்தை தர்மமாகக் கொடுத்து வந்தார்கள். பெண் சம்பாதித்தது பெண்ணுக்கே உரியது என்பதைக் குர்ஆன் தெளிவாக வைத்திருக்கிறது. எனவே மனைவியின் கைவேலை வருமானத்தைத் தன் பணம்போல் எடுத்துச் செலவழிக்கும் கணவர்களும் இந்தக் கட்டுரையைப் படிப்பது நல்லது.

எதைச் செய்வது?

தெரிந்ததையெல்லாம் செய்யாதீர்கள். ஒன்றையோ இரண்டையோ எடுத்துக்கொண்டு, அவற்றில் நான்கைந்து அளவுகளும் வடிவங்களும் செய்வது போதும். மேசையில் வளையலும் ரெசின் தட்டும் குழந்தைத் தொப்பியும் கலந்து கிடந்தால், எங்கோ மொத்தமாக வாங்கி வந்து விற்பதாகத்தான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

அரபு எழுத்தணி செய்பவர்களுக்கு ஒரு தனிச் சொல். இணையத்தில் கிடைக்கும் படத்தைப் பார்த்து அப்படியே வரையும்போது ஒரு புள்ளியோ ஒரு ஹர்கத்தோ மாறினால் பொருளே மாறிவிடும். விற்பதற்கு முன் ஓர் ஆலிமிடமோ ஹாஃபிளிடமோ காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மிதியடி, தலையணை, தேநீர்க் கோப்பை போன்ற, மிதிபடும் அல்லது கழுவுதொட்டிக்குப் போகும் பொருள்களில் இறைவசனத்தையோ அல்லாஹ்வின் பெயரையோ போடாதீர்கள். வாடிக்கையாளரே கேட்டாலும் மறுத்துவிடலாம். அதற்குப் பதிலாக அவருடைய பெயரையோ ஒரு பூவேலையையோ செய்து கொடுக்கலாம். உயிருள்ளவற்றின் உருவம், குழந்தைகளுக்கான பொம்மை ஆகியவற்றில் அறிஞர்களிடையே விரிவான பேச்சு உண்டு. நீங்கள் நம்பும் ஆலிமிடம் தொடங்கும் முன்பே கேட்டுத் தெளிந்துவிட்டால், நாற்பது பொம்மை பின்னிய பிறகு மனம் உறுத்தாது.

ரெசின் வேலை செய்பவர்கள் சமையலறையில் செய்யாதீர்கள். கையுறையும் அதற்குரிய முகக்கவசமும் வேண்டும், சன்னல் திறந்திருக்க வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது. கர்ப்பிணிகள் அதைத் தள்ளி வைப்பது நல்லது.

விலை வைப்பது

இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். "சாமான் நானூறு ஆச்சு, அறுநூறுன்னு குடுத்துட்டேன்" என்று ஒரு சகோதரி மகிழ்ச்சியோடு சொல்வார். அந்த இருநூறில் அவருடைய ஐந்து மணி நேரம், ஆட்டோக் கட்டணம், பாதியில் உடைந்துபோன ஒரு சட்டம் எல்லாம் அடங்கியிருக்கின்றன என்பதை அவர் எண்ணியிருக்கமாட்டார்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் எடுத்துக்காட்டுக்காக மட்டும். உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஓர் எழுத்தணிச் சட்டத்துக்கு கேன்வாஸ் 180 ரூபாய், வண்ணமும் தங்கத்தாளும் 150, சட்டமும் பொதியும் 120. ஆக 450. வேலை ஐந்து மணி நேரம், மணிக்கு 80 ரூபாய் கூலி என்றால் 400. இது 850 ஆயிற்று. கண்காட்சிக்கு இரண்டு நாள் அரங்கு வாடகை 4,000, போக்குவரத்தும் சாப்பாடும் 2,000. நாற்பது பொருள் விற்றால் ஒவ்வொன்றின் தலையிலும் 150 விழும். அடக்கம் 1,000 ரூபாய். அதன்மேல் லாபம் 200 வைத்தால் 1,200.

இப்போது நாற்பதுக்குப் பதில் இருபதுதான் விற்றது என்று வையுங்கள். அரங்குச் செலவு ஒவ்வொன்றுக்கும் 300 ஆகிவிடும், அடக்கம் 1,150. லாபம் வெறும் 50. கூலி மட்டும் கைக்கு வந்தது, அவ்வளவே. விலை வைக்கும்போது குறைந்த விற்பனையை நினைத்து வைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

பேரம் பேசுவது நம் ஊர் வழக்கம், கோபப்பட வேண்டாம். ஆனால் எதுவரை குறைப்பது என்பதை வீட்டிலேயே முடிவு செய்து, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போங்கள். மேசையில் நின்று மனக்கணக்குப் போட்டால் எப்போதும் நஷ்டம்தான். விற்பதற்காகச் சத்தியம் செய்யாதீர்கள். "வல்லாஹி, எனக்கே இந்த விலைதான்" என்ற பேச்சு நம் கடைத்தெருக்களில் மலிந்துவிட்டது. வியாபாரத்தில் சத்தியம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அதுபோலவே, குவியலின் மேலே காய்ந்த தானியமும் உள்ளே ஈரமும் வைத்திருந்தவரை அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியும் நமக்குத் தெரியும். சாயம் போகும் என்றால் போகும் என்றே சொல்லுங்கள். கீறல் விழுந்த பொருளைத் தனியே வைத்து, காரணத்தை எழுதி, விலையைக் குறைத்து விடுங்கள். ஆச்சரியமாக, அவைதான் முதலில் போகும்.

முதலும் பதிவும்

இருக்கும் பணத்துக்குள் தொடங்குங்கள். வீட்டு வாசலில் வந்து கையெழுத்து வாங்கும் வாரவட்டிக் குழுக்களால் எத்தனை குடும்பங்கள் நகையையும் நிம்மதியையும் இழந்தன என்பதை நாம் கண்டு வருகிறோம். வட்டி ஹராம் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கைவேலையில் பணம் வாரந்தோறும் வராது, தவணை மட்டும் வாரந்தோறும் வரும். ஜமாஅத்தின் பைத்துல்மால், உறவினரிடம் அழகிய கடன், அல்லது ஒருவர் பணமும் மற்றவர் உழைப்பும் போட்டு லாபத்தை ஒப்பந்தப்படி பகிரும் முளாரபா முறை ஆகியவற்றை முதலில் பாருங்கள். எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும். தமிழகத்தில் மாவட்டங்கள் தோறும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்கள் இருக்கின்றன. கணவரை இழந்தவர்களும் கைவிடப்பட்டவர்களும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சிறுபான்மையினர் நலப் பிரிவில் விசாரிக்கலாம். அரசுத் திட்டங்களில் மானியம் எது, வட்டிக்கடன் எது என்று பிரித்துக் கேளுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே படிவத்தில் வைத்திருப்பார்கள்.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவை ஆதாரும் பான் எண்ணும் கொண்டு இணையத்தில் செய்யலாம். அதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. ஒன்றிய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருட்கள் வளர்ச்சி ஆணையர் அலுவலகம் கைவினைஞர்களுக்கு பெஹ்சான் என்ற அடையாள அட்டை வழங்குகிறது. அந்தத் துறை நடத்தும் கைவினைச் சந்தைகளில் இடம் கேட்க அது தேவைப்படும். மாநிலத்துக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலக் கண்காட்சிக்குப் போவதானால் ஒரு கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தக் கண்காட்சி?

முதலில் வாடிக்கையாளராகப் போய்ப் பாருங்கள். மாலையில் கூட்டம் எங்கே நிற்கிறது, கையில் பையோடு வெளியே வருபவர் எத்தனை பேர், எந்த விலைப் பொருள் போகிறது என்று ஒரு மணி நேரம் கவனித்தால் போதும். சென்னையில் இருப்பவர்கள் நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் மகளிர் குழுக்களின் கண்காட்சியையும், மற்ற ஊர்க்காரர்கள் பூம்புகார் நிறுவனம் நடத்தும் கைவினைக் கண்காட்சிகளையும் பார்த்து வரலாம். அங்கே விற்பவர்களிடம் பேசினால் எந்த ஏற்பாட்டாளர் நல்லவர் என்பதும் தெரிந்துவிடும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை சில உண்டு. வாடகை மட்டுமா, விற்பனையில் பங்கும் கேட்பார்களா? மேசை, நாற்காலி, மின்விளக்கு தருவார்களா? ஒரே வகைப் பொருளுக்கு எத்தனை அரங்கு கொடுத்திருக்கிறார்கள்? மழை வந்தால் என்ன? பெண்கள் தொழ இடமும் கழிவறையும் எங்கே? இதை நாம் அனுபவத்தில் கற்றோம். நம் வீட்டுப் பெண்கள் முதன்முறை அரங்கு எடுத்தபோது, வாசலுக்கு அருகில் என்று சொல்லி வாங்கிய இடம், ஜெனரேட்டருக்குப் பின்னால் இருந்தது. பணம் திரும்ப வரவில்லை, எழுத்தில் எதுவும் இல்லை. அடுத்த முறையிலிருந்து அரங்கின் எண்ணும் வரைபடமும் வாட்ஸ்அப்பில் வந்த பிறகே பணம் கட்டினோம்.

ரமளானிலும் பெருநாளை ஒட்டியும் நம் ஊர்களில் நடக்கும் பெண்களுக்கான விற்பனைக்கு, ரஜபிலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். கடைசிப் பத்து இரவுகளில் உட்கார்ந்து பசை ஒட்டிக்கொண்டிருந்தால் வியாபாரமும் சரியாக வராது, இபாதத்தும் போய்விடும். நம் மாதங்கள் ஆங்கில நாட்காட்டியில் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே வரும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். சென்ற ஆண்டின் தேதியை வைத்துத் திட்டம் போட்டுத் தவறவிட்டவர்கள் உண்டு.

மேசையும் பெட்டியும்

விலை மூன்று படிகளில் இருக்கட்டும். கைச்செலவுக்குள் அடங்கும் புத்தகக்குறி, சாவிக்கொத்து போன்றவை நிறைய. நடுத்தர விலையில் முக்கியப் பொருள்கள். மிக அழகாகச் செய்த, விலை அதிகமான ஒன்றிரண்டு. அந்தப் பெரியது விற்காமலே திரும்பி வரலாம். ஆனால் அதைப் பார்க்க வருபவர்தான் சிறியதை வாங்கிப் போகிறார்.

தரைவரை தொங்கும் ஒரே நிறத் துணி, கீழே பெட்டிகளை மறைத்துக்கொள்ளும். பின்வரிசையை உயர்த்தி வையுங்கள்; எல்லாம் படுத்துக் கிடந்தால் யார் கண்ணிலும் படாது. ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு வேண்டும், கேட்கக் கூச்சப்பட்டு நகர்ந்துபோகிறவர்கள் அதிகம். வீட்டின் கூடத்தில் ஒருமுறை மேசையை முழுவதும் அடுக்கிப் புகைப்படம் எடுத்து வைத்தால், கண்காட்சி அன்று பத்து நிமிடத்தில் அடுக்கிவிடலாம். செய்துகொண்டிருக்கும் ஒரு பொருளையும் எடுத்துப் போங்கள். மேசையில் அமர்ந்து பின்னும் கையைப் பார்த்துத்தான் பலர் நிற்பார்கள். பத்தமடைப் பாயின் பாவை எண்ணிக் காட்டுவது போன்றதுதான் இதுவும்: விலை ஏன் அவ்வளவு என்பதைக் கையே சொல்லிவிடும்.

பெட்டியில் கத்தரிக்கோல், ஒட்டுநாடா, கயிறு, ஊக்கு, பிளாஸ்டிக் விரிப்பு, மின் நீட்டிப்புப் பலகை, ரசீதுப் புத்தகம், பத்து இருபது ஐம்பதில் சில்லறை, தண்ணீர், பேரீச்சம்பழம், முஸல்லா. க்யூஆர் அட்டை உங்கள் சொந்த வங்கிக் கணக்குக்கு இருக்கட்டும். மகனுடைய கணக்கில் போட்டுவிட்டு மாதக் கடைசியில் யாருடையது எவ்வளவு என்று வழக்காடுவதை நாம் பார்த்திருக்கிறோம். அரங்கில் எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தொழப் போனால் ஒருவர் இருப்பார், கூட்டத்தில் பொருள் காணாமல் போவதும் குறையும்.

சொல்லிச் செய்யும் பணி

கண்காட்சியின் உண்மையான வருமானம் பெரும்பாலும் அன்றைய கல்லாவில் இருக்காது, "மகள் கல்யாணத்துக்கு இதே மாதிரி முப்பது வேண்டும்" என்பவரிடம் இருக்கும். செய்து தரச் சொல்லி முன்பே விலை பேசுவதை மார்க்க அறிஞர்கள் இஸ்திஸ்னா என்ற பெயரில் அனுமதிக்கிறார்கள். அளவு, நிறம், பெயரின் எழுத்து, விலை, தரும் நாள் எல்லாம் ஐயமின்றி இருக்க வேண்டும். பாதித் தொகையை முன்பணமாக வாங்கி, இத்தனையையும் எழுதி, அவர் ஒப்புக்கொண்ட பதிலையும் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்ற நாளில் முடியாது என்று தெரிந்தால் அன்றே சொல்லிவிடுங்கள். கல்யாணத்துக்கு முந்திய நாள் சொல்வது மோசடிக்கு அருகில் வரும்.

கண்காட்சி முடிந்த இரவே, களைப்பாக இருந்தாலும், எது எத்தனை விற்றது, எதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள், என்ன கேட்டார்கள், அது நம்மிடம் இல்லையா என்று எழுதிவிடுங்கள். மறுநாள் மறந்துவிடும். ஜகாத் நாள் வரும்போது கையிருப்புப் பணமும் விற்பனைக்கு வைத்துள்ள சரக்கின் அன்றைய விற்பனை மதிப்பும் கணக்கில் சேரும். தையல் எந்திரம், தூரிகை, அச்சு போன்ற கருவிகள் சேரா. மொத்தம் நிஸாபை எட்டி ஓராண்டு ஆகியிருந்தால் நாற்பதில் ஒரு பங்கு. இந்தக் கணக்குக்கும் அதே குறிப்பேடுதான் தேவைப்படும்.