அன்னாசியும் முயலும்

2012 ஏப்ரலில் நியூயார்க் மாநில எட்டாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் ஒரு கதை இடம்பெற்றது. அன்னாசிப்பழம் ஒன்று முயலைப் பந்தயத்துக்கு அழைக்கிறது. அதனிடம் ஏதோ தந்திரம் உண்டென நம்புகின்றன பிற விலங்குகள். அன்னாசி அசையவேயில்லை. முயல் வெல்கிறது. விலங்குகள் அன்னாசியைத் தின்றுவிடுகின்றன.

ஏன் தின்றன? எவ்விலங்கு அறிவிற் சிறந்தது? கொடுக்கப்பட்ட விடைகளுள் ஒன்றே சரியாம். மாணவர்கள் திகைத்தனர்.

டேனியல் பிங்க்வாட்டரின் நாவலில் கத்தரிக்காயாக இருந்ததே தேர்வில் அன்னாசியாக மாறியிருந்தது. தம் கதை பொருளற்ற வேடிக்கையே என்றார் அவர். எதிர்ப்பு வலுக்கவே, அவ்வினாக்கள் மதிப்பெண்ணில் சேரா என மாநிலக் கல்வி ஆணையர் அறிவித்தார்.

விடை கதைக்குள் இல்லை என்றுணர்ந்து திகைத்தவரே நன்கு வாசித்தவர். வினாத்தாள் அமைக்கும் நான், அத்திகைப்புக்கு இதுவரை மதிப்பெண் வழங்கியதில்லை.