தஞ்சைக் கலைக்கூடமும் மண்ணிற் புதைந்த திருமேனிகளும்

தஞ்சைப் பெருவுடையார் கோயிலிலிருந்து நடந்து செல்லத்தக்க தொலைவிலே பழைய அரண்மனையொன்று உண்டு. நாயக்கர் எடுப்பித்து மராட்டியர் விரிவுபடுத்திய அவ்வரண்மனை, 1855ஆம் ஆண்டில் சிவாஜி மன்னர் ஆண்மகவின்றி இறந்ததும், கும்பனியார் அரசைக் கைக்கொண்டமையால் ஆட்சி இழந்த மனையாயிற்று. அதன் ஒரு பகுதியில் சரசுவதி மகால் நூல்நிலையம் உளது. மற்றொரு பகுதியில் 1951ஆம் ஆண்டு தொடக்கம் கலைக்கூடமொன்று நடைபெற்று வருகின்றது. தலைநகரங்களிலுள்ள பெரிய நூதனசாலைகளோடு ஒப்பிடின் இது சிறியதே. ஆயினும், ஓரூரின் மண்ணிலிருந்து வெளிப்பட்ட திருமேனி எங்கே இருத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு இது அளித்த விடை ஆராயத்தக்கது.

சோழநாட்டிற் செப்புத் திருமேனிகள் நிலத்தினடியிற் கிடப்பது எதனால்? 1311இல் மாலிக்காபூரின் படை தெற்கே வந்தது. அதன் பின்னரும் படையெடுப்புக்கள் நிகழ்ந்தன. அத்தகைய அச்சக் காலங்களிலே கோயிற் பணியாளர் உற்சவ மூர்த்திகளை எழுந்தருளச் செய்து மண்ணினுள் மறைத்தனர். மறைத்தோர் மாண்டனர், மறைவிடத்தை அறிந்தோர் இலராயினர். பல நூற்றாண்டு கழிந்தபின், உழுபவன் கொழுநுனியிலும் கிணறு வெட்டுவோன் மண்வெட்டியிலும் அவை தட்டுப்படலாயின.

அவ்வாறு அகப்பட்டவற்றின் கதியை வரையறுத்தது 1878ஆம் ஆண்டின் புதையற் சட்டமாகும். பத்து ரூபாவுக்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டெடுத்தவன் அதனை மாவட்டக் கலெக்டருக்கு அறிவித்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. பொன்னுக்கும் நாணயத்துக்கும் பொருந்திய இவ்விதியே இறைவன் திருவுருவுக்கும் பொருந்துவதாயிற்று! கலெக்டர் கைக்கு வந்தவற்றுட் சிறந்தவை பல சென்னை அரசினர் நூதனசாலையைச் சென்றடைந்தன. 1851இல் நிறுவப்பட்ட அந்நூதனசாலை உலகப் புகழ் பெற்றமைக்கு அதன் செப்புத் திருமேனிகள் ஒரு பெருங்காரணம். ஆனால், சென்னையின் செல்வம் பெருகப் பெருகக் காவிரிக்கரை ஊர்கள் வறியனவாயின என்பதையும் மறத்தலாகாது.

திருவெண்காடு இதற்குத் தக்க சான்று. மூவரும் பாடிய இத்தலத்து மண்ணிலிருந்து 1951இலும் அதனையடுத்தும் பல திருமேனிகள் வெளிப்பட்டன. இவ்வூர் அர்த்தநாரீசுவரர் இன்று சென்னையில் உள்ளார். இடபவாகனதேவரும் தேவியும் தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ளனர். ஒரே ஊரவர் இருவேறு நகரங்களிற் குடியேறியதுபோன்ற நிலை இது.

இடபவாகனதேவரின் சிறப்பு அவரது வடிவழகு மாத்திரமன்று. சோழர்காலச் செப்புத் திருமேனிகளிற் பெரும்பாலானவற்றின் காலத்தை அறிஞர்கள் அமைப்பை நோக்கி உய்த்துணர்ந்தே கூறுவர். ஆதலின் கருத்து வேற்றுமைகளும் மலிந்துள்ளன. இத்திருமேனிக்கோ கல்வெட்டுச் சான்று உளது. முதலாம் இராசராசனின் 26ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1011இல், இவருக்கு அளிக்கப்பட்ட கொடையைத் திருவெண்காட்டுக் கல்வெட்டுக் குறிக்கின்றது. தேவியின் திருமேனி அடுத்த ஆண்டுக்குரியது. தஞ்சைப் பெருங்கோயில் நிறைவெய்திய 1010ஆம் ஆண்டுக்கு மறு ஆண்டிலே, அவ்வரசன் ஆட்சியிலேயே இவர் வழிபாட்டில் இருந்தாரென்பது இதனாற் பெறப்படும். ஏனைய திருமேனிகளின் காலத்தை அளக்க உதவும் அளவுகோலாக ஆராய்ச்சியாளர் இதனைக் கொள்வது இக்காரணம் பற்றியே.

திருமேனியோ எளிமையே உருவானது. சடையைத் தலைப்பாகைபோலச் சுற்றி, ஒரு காலை மற்றொன்றின் குறுக்கே வைத்து, மாடு மேய்க்கும் இளைஞன் ஒருவன் தன் எருதின்மீது கையை ஊன்றிச் சாய்ந்து நிற்பதுபோல இறைவன் நிற்கின்றார். எருதுதான் இல்லை. அது மண்ணிலிருந்து கிடைத்திலது. ஊன்றுதற்கு ஒன்றுமின்றி வெறுவெளியில் நீண்டிருக்கும் அக்கையைக் காண்போர், இல்லாத எருதையும் உளத்தாற் கண்டுவிடுகின்றனர். சிற்பியின் ஆற்றலுக்கு இதனின் வேறு சான்று வேண்டியதில்லை.

செப்புத் திருமேனிகளோடு கற்சிற்பங்களும் இங்கு வந்து சேர்ந்தன. இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரம் கோயிலைச் சேர்ந்த பிட்சாடனரும், யானையுரி போர்த்த மூர்த்தியும் இவற்றுட் குறிப்பிடத்தக்கவை. ஆங்கிலச் சிற்பி பிளாக்ஸ்மன் வெண்சலவைக் கல்லில் வடித்த சரபோசி மன்னரின் உருவமும் இவ்வரண்மனையிலேயே உண்டு. தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் இங்கே வைக்கப்பட்டுள்ளது! கலையறிஞர் சிலர் இதனைக் கண்டு முகஞ்சுளிக்கலாம். ஆனால், திமிங்கிலத்தைப் பார்க்க வந்த சிறுவன் திரும்புமுன் இடபவாகனரையும் பார்த்துவிடுகின்றான். மாவட்டத்து மக்களுக்கென அமைந்த கலைக்கூடத்துக்கு இது இழுக்காகாது. திருமேனிகளின்முன் செருப்பைக் கழற்றிக் கைகூப்புவோரும் உளர்; அவர்கள் காட்சிப்பொருளைக் காண வந்தவரல்லர்.

இங்கேதான் கலைக்கூடத்தை மறுப்போரின் வாதம் எழுகின்றது. ஆகம முறைப்படி உயிர்நிலை ஏற்றப்பெற்று, நீராட்டும் ஆடையும் அமுதும் பெற்ற மூர்த்தியைப் பூசையின்றிப் பீடத்தில் நிறுத்தி வைத்தல் தகுமா என்பது அவர்தம் வினா. பொருளற்ற வினாவன்று இது. ஆடையணியின்றிச் செப்பு வடிவின் நெளிவுசுழிவுகளை இரசிக்கும் பார்வை பக்தர் பார்வையன்று; திருவிழாவில் அத்திருமேனியைக் கண்டோர், அலங்காரத்தினூடே திருமுகத்தையன்றிப் பிறிதொன்றையும் கண்டாரல்லர்.

ஆயின், அதே 1951இல் அதே தஞ்சை மாவட்டத்துச் சிவபுரத்தில் நிகழ்ந்ததையும் இதனோடு வைத்து எண்ணுதல் வேண்டும். அவ்வூரிலும் நிலத்திலிருந்து நடராசர் முதலிய திருமேனிகள் கிடைத்தன. அவை ஊர்க் கோயிலுக்கே அளிக்கப்பட்டன. ஊராரின் உரிமை முழுமையாக மதிக்கப்பட்டது எனலாம். பின்னர், பழுதுபார்த்தற்கென 1954இல் வெளியே சென்ற நடராசர் மீண்டிலர். அவரைப்போன்று வார்த்த போலியுருவே கோயிலை அடைந்தது. பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த டக்ளஸ் பரெற் என்பார் 1965இல் வெளியிட்ட நூலிற் கோயிலிலிருப்பது மூல உருவமன்று எனக் குறித்தபோதே உண்மை வெளிப்பட்டது. அமெரிக்கச் செல்வர் ஒருவர் வசமாகிய அத்திருமேனி நெடுவழக்கின் பின் 1986இலேயே இந்தியா திரும்பியது. அத்தனை ஆண்டுகளும் ஊரார் போலியின்முன் விளக்கேற்றினர். திருவெண்காட்டு மூர்த்திக்கு விளக்கில்லை. ஆயினும் அவர் களவுபோகவில்லை.

நிற்க, ஈழநாட்டிலும் இவ்வினா எழுந்ததுண்டு. பொலன்னறுவைச் சிவாலயத்தில் 1907ஆம் ஆண்டளவிற் பெல் என்பார் தலைமையில் நிகழ்ந்த அகழ்வின்போது நடராசரும் சைவ நாயன்மாரும் வெளிப்பட்டனர். அவர்கள் கொழும்பு நூதனசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1909இல் அத்திருமேனிகளின் தத்துவப் பொருளை ஆங்கிலத்தில் விளக்கி எழுதினார். பிற நாட்டவர் அவற்றின் பெருமையை உணர்ந்தனர். பொலன்னறுவைச் சிவாலயமோ மூர்த்தியின்றி நின்றது.

திருகோணமலையின் வரலாறு வேறு. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தனர். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மண்ணிற் கிடந்த சோமாஸ்கந்தர் முதலிய திருமேனிகள், 1950ஆம் ஆண்டில் அந்நகரிற் கிணறு வெட்டியபோது அகப்பட்டன. பொலன்னறுவையைப்போலன்றி அங்கே வழிபட மக்கள் இருந்தனர். திருமேனிகள் கொழும்புக்குச் சென்றில. கோயில் மீளக் கட்டப்பெற்று 1963இற் குடமுழுக்கு நிகழ்ந்தது. கிணற்றடியிற் கிடைத்த மூர்த்திகள் அங்கே பூசை ஏற்றனர்.

தஞ்சைக் கலைக்கூடம் கொழும்பின் வழியையும் திருகோணமலையின் வழியையும் முழுமையாக மேற்கொண்டிலது. திருவெண்காட்டார் தம் மூர்த்தியைக் காண விரும்பின் தொலைதூரத் தலைநகருக்குச் செல்லவேண்டியதில்லை. தஞ்சைப் பெருவுடையாரை வழிபட வரும் நாளிலேயே அரண்மனையினுட் சென்று காணலாம். பூவும் தீபமும் கொண்டு செல்லத்தான் இயலாது.