இயக்கி யார் கையில்?

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் வரும் பெருங்கப்பலின் தலைவன் ஏழு கடலும் கண்டவனாயினும், இவ்விடத்துக் கடலடியையும் நீரோட்டத்தையும் அறிந்த துறைமுக வழிகாட்டி ஒருவர் ஏறிய பின்னரே கப்பல் உட்குடாவை நோக்கித் திரும்பும். கப்பலின் வலிமை வேறு. அவ்வலிமையைத் துறைக்குப் பயன்படச் செய்யும் அறிவு வேறு. கணினிக்குள்ளும் இத்தகைய வழிகாட்டி உண்டு. திரையிற் படங்களை வரைந்து தரும் வரைகலை அட்டைக்கும், கணினியை நடத்தும் இயங்குதளத்துக்கும் நடுவே நின்று, ஒன்றன் கட்டளையை மற்றொன்றுக்கு விளங்கச் செய்யும் நிரலையே 'இயக்கி' என்கிறோம். இயக்கி இல்லையேல் இலட்சம் ரூபா கொடுத்து வாங்கிய அட்டையும் வெறுந் தகரமே.

கணினி விளையாட்டுக்கும் இத்தகைய ஏட்டுக்கும் என்ன சம்பந்தம் என ஆசிரிய நண்பர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். கணினிப் பாடத்தில் உறங்கி வழியும் மாணவன், தன் விளையாட்டு ஓடவில்லையெனில் காரணந் தேடி இரவெல்லாம் விழித்திருப்பான் என்பதை அவர்களும் அறிவர். அத்தேடல் பலரை லினக்ஸ் முதலிய திறந்த மூலநிரல் இயங்குதளங்களிடம் கொண்டு சேர்த்துள்ளது. அங்கே அவன் முதலிற் கேட்கும் கேள்வி, எந்த நிறுவனத்தின் அட்டைக்கு எந்த இயக்கி சிறந்தது என்பதே. விடையாக வேகக் கணக்குகள் ஏராளமாய்க் கிடைக்கின்றன. அவ்வேகத்துக்குப் பின்னாலுள்ள வரலாற்றைச் சொல்வார் குறைவு.

இவ்வரலாறு ஓர் அச்சுப்பொறியிலிருந்து தொடங்குகிறது. 1980ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திற் பணியாற்றிய ரிச்சார்ட் ஸ்டால்மன், ஆய்வுகூடத்துக்கு வந்த செராக்ஸ் அச்சுப்பொறியின் குறையைத் திருத்த விரும்பினார். அதற்கு வேண்டிய மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. பொறி கண்முன்னே நிற்கிறது. அதைச் சீர்செய்யும் உரிமை மட்டும் பூட்டப்பட்டிருக்கிறது! 1983இல் அவர் அறிவித்த குனூ திட்டத்துக்கு அந்த அனுபவமும் ஒரு தூண்டுதலாயிற்று. இயக்கமொன்றின் பிறப்பில் இயக்கியொன்றுக்கும் பங்குண்டு.

திறந்த மூலநிரல் நமக்கு அந்நியச் சரக்கென்று எண்ணுவதும் தவறு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கிக் கிண்ணியாவையும் மூதூரையும் சூறையாடியபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவு செய்யும் 'சஹானா' மென்பொருளை இலங்கை நிரலாளர்கள் விரைந்து உருவாக்கி, உலகுக்கே திறந்து கொடுத்தனர்.

வரைகலை அட்டைகளின் கதை இவ்வளவு நேரானதன்று. 2000ஆம் ஆண்டுகளில் லினக்ஸில் விளையாட விரும்பியோர் பெரும்பாலும் என்விடியாவின் அட்டையையே நாடினர். அந்நிறுவனம் தந்த மூடிய இயக்கி வேகமாக ஓடியது. இதை மறுப்பது நேர்மையன்று. ஏ.டி.ஐ. நிறுவனத்தின் மூடிய இயக்கியோ பயனாளரின் வசைக்கு இலக்காயிற்று. 2006இல் ஏ.டி.ஐ.யை வாங்கிய ஏ.எம்.டி., மறு ஆண்டிலேயே தன் சில்லுகளின் தொழில்நுட்ப விவரங்களை வெளியிடத் தொடங்கியது. தருமசிந்தையால் அன்று, சந்தையிற் பின்தங்கியவனுக்குத் தோழர் தேவை. எந்நோக்கத்தாற் கதவு திறந்ததாயினும், திறந்த கதவினூடே மக்கள் நுழைந்தனர். 2015இல் ஏ.எம்.டி.யின் புதிய திறந்த இயக்கி லினக்ஸ் கருநிரலில் இடம்பெற்றது. 2016இல் நிறுவனத்துக்கு வெளியேயுள்ள நிரலாளர்கள், வல்கன் என்னும் வரைகலை முறைக்கு 'ராட்வி' என்ற இயக்கியைத் தாமே எழுதினர். நிறுவனமும் அதே வேலைக்குத் தன் சொந்த இயக்கியை 2017இல் வெளியிட்டது. இரண்டும் எட்டாண்டு அருகருகே ஓடின. 2025இல் ஏ.எம்.டி. தன்னுடையதைக் கைவிட்டு, வெளியார் எழுதிய ராட்வியையே ஏற்றுக்கொண்டது.

இடையில் வால்வ் என்ற விளையாட்டு வணிக நிறுவனமும் களத்தில் இறங்கியது. விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் 'புரோட்டான்' 2018இலும், ஏ.எம்.டி. சில்லில் இயங்கும் கைக்கருவி 2022இலும் வந்தன. ராட்வி செழித்ததில் அந்நிறுவனத்தின் ஊதியம் பெறும் நிரலாளர்க்குப் பெரும்பங்குண்டு. அதே நிறுவனத்தின் கடை இன்னும் மூடிய நிரலே. முதலாளித்துவத்தின் முரண்பாடுகளைப் பாடநூலில் தேட வேண்டியதில்லை.

என்விடியாவின் பாதை வேறு. விவரம் ஏதும் பெறாத தன்னார்வலர், அட்டையின் நடத்தையைக் கவனித்துக் கவனித்தே 'நூவோ' என்ற திறந்த இயக்கியை ஆக்கினர். 2010இல் அது கருநிரலிற் சேர்ந்தது. ஆனால் 2014இன் பிற்பகுதியிலிருந்து வந்த அட்டைகள், நிறுவனத்தின் கையொப்பம் பெற்ற உள்நிரலை மட்டுமே ஏற்கும்படி செய்யப்பட்டன. விளைவாக, நூவோவின் கீழ் அவற்றின் கடிகார வேகத்தை உயர்த்த இயலாது போயிற்று. குதிரை உண்டு, நடக்க மட்டுமே அனுமதி! 2012இலேயே லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ் பின்லாந்துக் கூட்டமொன்றில் என்விடியாவைப் பகிரங்கமாக வைதார். 2022 மே மாதத்தில் அந்நிறுவனம் தன் இயக்கியின் கருநிரற் பகுதியைத் திறந்தது. எனினும் 2018இலும் அதற்குப் பின்னரும் வந்த தலைமுறை அட்டைகளுக்கே அது பயன்படும். விளையாட்டை நேரடியாக நடத்தும் மேற்பகுதி மூடியே உள்ளது.

இவ்வேறுபாடு செல்வந்தனை அதிகம் வருத்தாது. அவன் இரண்டாண்டுக்கொருமுறை அட்டையை மாற்றுவான். கொழும்பிலிருந்து கைமாறிக் கைமாறி வரும் பழங்கணினியை வாங்கும் திருமலைப் பையனுக்கோ, அட்டையின் ஆயுளே முதன்மை. 2012இல் வெளிவந்த இரு அட்டைகளை ஒப்பிடுவோம். என்விடியாவின் கெப்ளர் தலைமுறைக்குரிய மூடிய இயக்கி 2024இல் பராமரிப்பை இழந்தது. பொருள் பழுதடையவில்லை, அதைக் கவனிப்பது இலாபமற்றதாயிற்று, அவ்வளவே. நூவோ ஓரளவு கைகொடுக்கும். அதே ஆண்டின் ஏ.எம்.டி. அட்டையையும் அதன் நிறுவனம் என்றோ மறந்துவிட்டது. ஆனால் மூலநிரல் பொதுவில் இருந்தமையால் வேறு கைகள் அதைத் தொட முடிந்தது.

சீனன்குடாப் பக்கம் போகின்றவர்கள் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளைக் கண்டிருப்பர். எஞ்சியவை 99. கடற்படைத் தளம் 1957இல் நம் கைக்கு வந்தது. தாங்கிகளிற் பெரும்பாலானவை பல தசாப்தங்கள் காட்டுக்குள் வெறுமையாய் நின்றன. 2003இல் ஒரு பகுதி இந்திய எண்ணெய் நிறுவனமொன்றின் கிளையிடம் சென்றது. 2022இல் மறுபடியும் ஒப்பந்தம். பொருளை உடைமையாகப் பெறுவதற்கும் அதை இயக்கும் ஆற்றலைப் பெறுவதற்கும் இடையேயுள்ள தூரத்தை இவ்வூரார்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆயின் எதை வாங்குவது என்று மாணவன் கேட்பான். புதிய அட்டை வாங்க வசதியும், செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியில் ஆர்வமும் உள்ளவனுக்கு என்விடியாவைத் தவிர்ப்பது இன்று கடினம்; அத்துறையின் மென்பொருள்களிற் பெரும்பகுதி அதன்மீதே கட்டப்பட்டுள்ளது. பழைய அட்டை வாங்குபவன் 2014க்கும் 2018க்கும் இடைப்பட்ட என்விடியா அட்டைகளில் எச்சரிக்கையாயிருக்கட்டும். மூடிய இயக்கியின் புதிய பதிப்புகள் அவற்றை விட்டு விலகிவிட்டன, திறந்த இயக்கியோ கட்டுண்டு கிடக்கிறது. 2012இன் ஏ.எம்.டி. அட்டை தூசு படிந்து எங்கேனும் கிடந்தால் எடுத்துத் துடைத்துப் பார்க்கட்டும். பதின்மூன்று ஆண்டுகள் கடந்த பின், 2025இல், அதைப் புதிய இயக்கிக்கு மாற்றும் வேலையை வால்வின் நிரலாளர்கள் செய்துகொண்டிருந்தார்கள்.